பென்சில் படாத முகம்

"இது என் பொண்ணு இல்லைங்கய்யா" என்று அந்த அம்மாள் சொன்னபோது, படம் வைத்த உறை மாறிப்போயிற்றோ என்றுதான் பென்சில்காரர் முதலில் பார்த்தார். மாறவில்லை. போன வருஷம் மாப்பிள்ளை வீடுகளுக்கு அனுப்புவதற்காக அவர் ஸ்டுடியோவில் எடுத்த அதே படம்தான். அந்தப் பெண்ணுக்கென்று இருந்ததும் அது ஒன்றுதான். பத்து நாளைக்கு முன்னால் காய்ச்சலில் போய்விட்டாள். சுவரில் மாட்டுவதற்காகப் பெரிதாக்கிக் கொடுத்திருந்தார்.

ஸ்டுடியோவைத் தொடங்கிய வெள்ளைக்காரத் துரை கப்பலேறி இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அவர்கள் ஆட்சியும் கூடவே போயிற்று. இவருக்குச் சொல்லிக்கொடுத்தது மட்டும் கப்பலேறவில்லை. நெகட்டிவில் முகத்தின் மேல் பென்சிலை மெல்ல ஓட்டினால் அச்சில் நிறம் இரண்டு படி வெளுக்கும். உங்கள் ஆட்களுக்கு இது கட்டாயம் என்பார் துரை. துரைமார் படங்களுக்கு அவர் பென்சிலைத் தொட்டதே இல்லை. ஏன் என்று கேட்க இவருக்கும் தோன்றியதில்லை. பென்சில்காரர் கை பட்டால் கரிச்சட்டியும் பளிங்காகும் என்று தெருவில் சொல்லிச் சிரிப்பார்கள். தன் கல்யாணப் படத்தில் பெண்டாட்டியையும் அவர் விட்டுவைக்கவில்லை.

அந்த அம்மாள் நின்றபடியே சொன்னாள். படத்தைப் பார்த்து மூன்று வீட்டார் வந்தார்களாம். நேரில் பார்த்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் எழுந்து போனார்களாம். கடைசியாக வந்தவள், படத்தில் இருக்கிற பெண்ணைக் கூப்பிடுங்கள் என்றாளாம். அதற்கப்புறம் மகள் கண்ணாடி முன்னால் நிற்கவே இல்லை.

"எனக்கு அவ நெறத்துலயே வேணும். அவ இருந்த மாதிரி."

பென்சில்காரர் நாளைக்கு வரச் சொல்லி அனுப்பிவிட்டு, நெகட்டிவைத் தேடி எடுத்தார். பஞ்சில் டர்பன்டைன் தொட்டு, நெற்றி, கன்னம், கண்ணோரம் என்று தன் கைவேலையைத் தானே அழித்தார். இத்தனை வருஷத்தில் அதுதான் முதல் தடவை.

மறுநாள் புதுப் படத்தை அவள் ஜன்னலருகே கொண்டுபோய் வெகுநேரம் பார்த்தாள். கழுத்து ஒரு நிறமும் முகம் ஒரு நிறமுமாக இருந்தது.

"இன்னும் பென்சில் இருக்கா?"

"இல்லம்மா. எல்லாத்தையும் எடுத்துட்டேன்."

"அப்ப இது நான் போட்ட பவுடர்" என்றாள். "வேணாம்மான்னுதான் சொன்னா. மோவாயப் புடிச்சு அழுத்தி அப்பினேன்."

அவள் முந்தானை நுனியை நாக்கில் தொட்டு ஈரமாக்கிக்கொண்டு, விளையாடிவிட்டு வந்த பிள்ளைக்குத் துடைப்பதுபோல, படத்தின் கன்னத்தை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தாள்.