ஏழாம் நம்பர்

மாரப்பனின் வயலில் கதிரெல்லாம் கழுத்தில் கறுத்து ஒடிந்து தொங்குகிறது என்று கேள்விப்பட்டதிலிருந்து முத்தாத்தாளுக்குச் சோறு இறங்கவில்லை. பக்கத்து வயல்காரருக்கு நட்டம் என்றால் வருத்தம் இருக்கும்தான். இது வருத்தம் இல்லை. இது என்னவென்று அவளுக்கு மட்டும்தான் தெரியும்.

போன வருஷம், அதாவது எமர்ஜென்சி வந்த வருஷம், நெல் ஆராய்ச்சிப் பண்ணை அதிகாரி செபாஸ்டின் அவள் ஊரான நல்லேப்பிள்ளிக்கு வந்து, ரோட்டோரம் இருந்த அவள் வயலில் ஒரு துண்டைக் கேட்டார். புது நெல் வகைகள். இன்னும் பெயர்கூட வைக்காதவை, வெறும் நம்பர்தான். ஒவ்வொரு நம்பரையும் ஒரு சின்னப் பாத்தியில் நட்டு, நடுவில் குலை நோய்க்குச் சட்டென்று விழுந்துவிடும் ஒரு நெல்லையும் நட்டார். நோயை விருந்துக்கு அழைத்து உட்காரவைத்து, எந்த நெல் அதற்குத் தாக்குப்பிடிக்கிறது என்று பார்க்கிற ஏற்பாடு.

"அக்கா, இதுக்கு மருந்தடிக்கக் கூடாது. ஒரு பயிரையும் புடுங்கக் கூடாது. சீக்கு வந்தா வரட்டும், அதைப் பாக்கத்தான் நட்டிருக்கோம்" என்றார் செபாஸ்டின்.

சரியென்று தலையாட்டிவிட்டாள். ஆனால் சீக்குப் பயிரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு கைகட்டி நிற்பது முத்தாத்தாளால் ஆகிற காரியமா? புருஷன் அர்த்தநாரி லாரிக்காரன். வாளையார் செக்போஸ்ட் வரிசையில் கிடந்த நாள்தான் அதிகம். வயல் முழுக்க அவள் பொறுப்பு. ஒரு பழுத்த இலை தெரிந்தாலும் யாராவது பார்ப்பதற்குள் ஓடிப்போய்க் கிள்ளி எறிகிற ஜென்மம்.

அந்த நேரம் பார்த்துத்தான் மகள் பொன்னாத்தாளைப் பெண் கேட்டுக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து ஆள் வருவதாகச் சேதி வந்தது. பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வயலைப் பார்க்கிற குடும்பம் அது. பயிர் நிற்கிற லட்சணத்தில் வீட்டு லட்சணம் தெரியுமாம். மற்ற பாத்திகள் உள்ளே தள்ளி இருந்தன. ஏழாம் நம்பர் மட்டும் ரோட்டை ஒட்டி, இலையெல்லாம் கண் கண்ணாகச் சாம்பல் புள்ளியோடு, வருகிறவர் முகத்தில் அடிக்கிற மாதிரி நின்றது.

முத்தாத்தாள் இறங்கிவிட்டாள். ஏழாம் நம்பரை அடியோடு பிடுங்கி வாய்க்காலில் மிதித்தாள். அடுத்த வயலில் மாரப்பனின் அப்பன் காலத்துச் சிவப்பு நெல் கரும்பச்சையாகத் தூர்கட்டி நின்றது. இடைவெளி தெரியாதபடி அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தூர் பிரித்து எடுத்துவந்து பாத்தியை நிரப்பினாள். கடைசித் தூரை ஊன்றும்போது மாரப்பன் வரப்பில் வந்து நின்றார்.

"என்ன அம்மிணி பண்றே?"

"களை பறிக்கறனுங்கண்ணா."

மாப்பிள்ளை வீட்டாருக்கு வயல் பிடித்தது, பெண்ணும் பிடித்தது. பின்னாலேயே செபாஸ்டின் வந்து இலை இலையாகப் புரட்டிப் பார்த்துவிட்டுக் குழந்தை மாதிரி சிரித்தார். "ஏழாம் நம்பர் அசையவே இல்லையேக்கா! சுத்திலும் சீக்கு, நடுவுல ராஜா மாதிரி நிக்குது!" அப்போதே சொல்லியிருக்கலாம். கல்யாணம் முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டாள். கதிர் சிவப்பாக வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே என்று தன் ஆட்டையே பாத்திக்குள் அவிழ்த்தும் விட்டாள். முதலில் செய்ததை ரோஷத்தில் செய்தாள் என்று வைத்துக்கொண்டாலும், இதற்குச் சாக்குச் சொல்ல அவளிடமே ஒன்றும் இல்லை. செபாஸ்டின் என்னடாவென்றால், "பரவால்லக்கா, இலையில பாக்க வேண்டியதைப் பாத்தாச்சு" என்று அவளைத் தேற்றிவிட்டுப் போனார்.

கோடையில், பண்ணையில் விளைந்த ஏழாம் நம்பர் விதை மூட்டை மூட்டையாக வந்தது. முதலில் வாங்கியவர் மாரப்பன். "உன் வயல்ல நின்ன நெல்லு. நம்பிப் போடலாமில்ல அம்மிணி?" என்று கேட்டார். "போடுங்கண்ணா" என்றாள். எல்லா வருஷமுமா நோய் வருகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அடுத்த வாரம் நடந்த பொன்னாத்தாள் கல்யாணத்துக்கு மாரப்பன் இரண்டு மூட்டை நெல் அனுப்பிவைத்தார். பந்தியில் சோற்றைப் புகழாதவர் இல்லை.

இப்போது அதே மாரப்பன், மணி பிடிக்காமல் வெள்ளைச் சாவியாகிப்போன தன் வயலில், கையைக் கட்டிக்கொண்டு செபாஸ்டின் முன்னால் நின்றார். வரப்பு நெடுக ஊர்க்காரர்கள். முத்தாத்தாள் எல்லோருக்கும் பின்னால் நின்றாள்.

"யூரியாவ வாரி எறைச்சிருக்கீங்க. இல்லேன்னா ஏழாம் நம்பருக்கு இப்படி வராது. இந்த அக்கா வயல்ல நோய்க்கு நடுவுல நின்ன நெல்லு இது" என்றார் செபாஸ்டின்.

"கொஞ்சம் கூடத்தான் போட்டுட்டனாட்ட இருக்குதுங்க. தப்பு எம்மேலதானுங்க" என்றார் மாரப்பன். யூரியா வாங்கக் காசில்லாமல் ஒருதரம் தூவியதோடு அவர் நிறுத்திக்கொண்டது முத்தாத்தாளுக்குத் தெரியும். படித்தவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று செய்யாத தப்பை அந்த மனுஷன் தலையில் ஏற்றிக்கொண்டார். அதைக் கேட்டுக்கொண்டு நிற்க அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

செபாஸ்டின் ஊர்க்காரர்கள் பக்கம் திரும்பினார். "பயப்படாதீங்க. அடுத்த போகத்துக்குப் பஞ்சாயத்து முழுக்க ஏழாம் நம்பர்தான். உரத்தை மட்டும் அளவாப் போடுங்க."

"போடாதீங்க!" முத்தாத்தாளின் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது. ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். "அண்ணன் மேல தப்பில்லீங்க. எம் வயல்ல நின்னது ஏழாம் நம்பரே இல்லீங்க. அது அப்பவே சீக்குல உழுந்துருச்சு. மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வர்றாங்கன்னு நாந்தான் புடுங்கிப்போட்டு வேற நட்டேன். ஆட்டை உட்டு மேச்சதும் நாந்தானுங்க."

செபாஸ்டினின் முகம் வெளுத்துவிட்டது. "அப்ப, சீக்குக்கு நடுவுல நின்னு நான் பாத்தது எந்த நெல்லு?"

முத்தாத்தாளால் தலை தூக்க முடியவில்லை. "அண்ணன் ஊட்டுச் சிவப்பு நெல்லுங்க."

செபாஸ்டின் சட்டென்று மாரப்பனின் கையைப் பிடித்தார். "அதோட வெத இருக்குதா? கொஞ்சமாச்சும் இருந்தாக் குடுங்க. அதுதாங்க நான் தேடிட்டிருந்த நெல்லு!"

மாரப்பன் ஒரு கதிரைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தார். உமிதான் பறந்தது. அவர் செபாஸ்டினைப் பார்க்கவில்லை.

"புதுசு வந்துருச்சே, இனி அது எதுக்குன்னு வெத நெல்லையும் சேத்து ரெண்டு மூட்டையாக் கட்டி அனுப்பிச்சுட்டேன்" என்றார். குரலில் கோபமே இல்லை. "உம்மக கல்யாணச் சோறு, அம்மிணி. நானுந்தான் தின்னேன்."