வலப்பக்க மூக்கு

மிஸோ சூப் அடுப்பில் சிந்தி உஸ்ஸென்றது. அந்த வாரத்தில் இது நாலாவது தடவை. ஒரியே திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அவள் கணவர் ஹிசாஷிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வரும். அவர் இடது கையில் குழிக்கரண்டியைப் பிடித்தபடி, தரையில் சொட்டியதைக் காலுறையாலேயே துடைத்துக்கொண்டிருந்தார். மார்ச்சில் மயங்கி விழுந்ததிலிருந்து வலது கை பேருக்குத்தான் தொங்குகிறது.

பள்ளிச் சமையற்கூடத்தில் ஒரியேவுக்கு ஒரு வேலை வந்திருந்தது. திங்கட்கிழமை முதல் வரமுடியுமா என்று வெள்ளி மதியத்துக்குள் சொல்லவேண்டும். இது ஹிசாஷிக்கும் தெரியும். அறுபத்தோரு வயதில் இன்னொன்று தேடி வராது. தவிர, ஆறு மாதமாக ஒரே வீட்டில் ஒரே முகத்தைப் பார்த்து அவளுக்கு அலுத்துவிட்டது. அதைத் தனக்குள் அவள் மறைத்துக்கொள்ளவும் இல்லை. மதியச் சாப்பாட்டை அவரே போட்டுக்கொள்வார் என்றால் போகலாம். சோறு பாதகமில்லை, சூப்தான் வில்லங்கம். சூப் இல்லாமல் அவருக்குச் சோறு இறங்காது.

சுபாமே ஊரின் கரண்டித் தொழிற்சாலையில் முப்பத்தாறு வருஷம் அச்சுப் பிரிவைக் கட்டி மேய்த்தவர் ஹிசாஷி. வீட்டில் இருப்பதும் அவர்கள் செய்த குழிக்கரண்டிதான். அதற்கு இடது விளிம்பில், ஊற்ற வசதியாகச் சின்ன மூக்கு. வலது கையில் பிடித்து உட்பக்கம் சாய்த்தால் ஒரு சொட்டு சிந்தாது. இடது கையில் பிடித்தாலோ மூக்கு வெளிப்பக்கம் போய்விடும், சூப் விளிம்பெல்லாம் வழியும். இடதுகைக்காரி ஒருத்தி மூக்கை மாற்றி வைக்கச் சொல்லி ஒரு காலத்தில் கடிதம் எழுதினாள். இதற்கெல்லாம் தனி அச்சு போட முடியுமா என்று சிரித்தவரும் இவர்தான்.

வியாழக்கிழமை ஒரியே கடைக்குப் போய், வலப்பக்கம் மூக்கு வைத்த கரண்டி ஒன்று வாங்கினாள்.

"வீட்டுக்காரர் இடது கைக்காரரா?" என்று கேட்டாள் கடைப்பெண்.

"ஆறு மாசமாத்தான்."

ஹிசாஷி கரண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விளிம்பைக் கட்டைவிரலால் தடவினார்.

"யாரு செஞ்சது?"

"பக்கத்து ஊரு கம்பெனி. உங்காளுங்கதான் செய்யலியே."

"கெக்கோ" என்றார்.

பொல்லாத சொல் அது. ரொம்ப நன்றாயிருக்கிறது என்றும் அர்த்தம், வேண்டாம் என்றும் அர்த்தம். முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் குரலை வைத்தே அவள் கண்டுபிடித்துவிடுவாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபின் அந்தக் குரலில் ஏற்ற இறக்கம் போய்விட்டது. எதைச் சொல்கிறீர்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்டால், இடதுகைக் கரண்டி வேண்டும் என்று அவர் வாயாலேயே சொல்லவைத்த மாதிரி ஆகும். அவள் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை கொக்கியில் பழைய கரண்டிதான் தொங்கியது. புதியதை எங்கும் காணோம், இழுப்பறையிலும் இல்லை. ஹிசாஷி பின்புறக் கொட்டகைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார். தூக்கிக் கடாசிவிட்டார் என்று ஒரியே முடிவுகட்டினாள். பதினொன்றரைக்குச் சமையற்கூடத்துக்குப் போன் செய்தாள்.

"மன்னிக்கணும். வீட்டு நெலம சரியில்ல, வர முடியாது."

"பரவால்லைங்க. இன்னொருத்தங்க காத்துட்டிருக்காங்க, அவங்களுக்குச் சொல்லிடறேன்."

பன்னிரண்டு மணிக்கு ஹிசாஷி உள்ளே வந்தார். முழங்காலெல்லாம் இரும்புத் தூள், கையில் கரண்டி.

"இதெல்லாம் ஒரு மூக்கா? வெளிம்ப மழுங்கலா விட்டுருக்கான். சொட்டாம என்ன செய்யும்? தொடையில இடுக்கி அரத்தால ராவி எடுத்தேன்."

கரண்டியைக் கழுவி, சூப்பை மொண்டு, முதலில் அவள் கிண்ணத்தில் ஊற்றினார். நூல் பிடித்த மாதிரி இறங்கியது. அடுப்பில் ஒரு துளி இல்லை. ஒரியேவுக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியவில்லை.

"திங்கக்கெழம எத்தன மணிக்கு நீ கெளம்பணும்?" என்று கேட்டுக்கொண்டே அவர் தன் கிண்ணத்தை இழுத்து வைத்தார்.

ஒரியே கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். உள்ளே மிஸோ விழுது கலங்கலாக மேலே கிளம்புவதும் அடியில் இறங்குவதுமாக இருந்தது.