நிற்காமல் ஓடிய பட்டறை

அன்று அந்த அறையில் இருந்தவர்கள் ஐந்து பேர்: நான், என் தம்பி, என் மகன், மருமகள், எங்களிடம் பம்பு வாங்கும் நிறுவனத்தின் அதிகாரி. பிறகு கதை கட்டியவர்களில் ஒருவரும் அங்கே இல்லை.

இரும்பை உருக்கி வார்க்கும் எங்கள் ஃபவுண்டரியிலிருந்து மூன்று பட்டறைகளுக்கு நீலப் பெட்டிகளில் வார்ப்புகள் போகும். ஒரு பட்டறை என்னுடையது, மற்றவை தம்பிக்கும் மகனுக்கும். மூன்றிலும் லேத்தில் கடைந்த பாகங்கள் சேர்ந்தால்தான் ஒரு பம்பு. காலிப் பெட்டி திரும்பி வந்தால் மட்டுமே ஃபவுண்டரி அதை நிரப்பும். சரக்கு எங்கும் குவியக்கூடாது என்று, பெட்டிகளின் எண்ணிக்கையையும் குறைத்து, மருமகள் செய்த ஏற்பாடு அது. அந்த மாதம் காலிப் பெட்டிகள் வரவில்லை. ஃபவுண்டரி நின்றது, என் பட்டறையும் மகன் பட்டறையும் நின்றன. பம்பு வந்து சேரவில்லை என்று அதிகாரி நேரிலேயே வந்துவிட்டார்.

அதிகாரி முன்னிலையில் மருமகளைப் பொறுப்பிலிருந்து விலக்கிவிடுவது என்று தீர்மானித்திருந்தேன். குடும்பத்தின் பேராவது மிஞ்சும்.

"பெட்டியைக் குறைச்சது யாரும்மா?" என்றேன்.

"நான்தான் மாமா. ஆனா இருக்குற பெட்டியும் எங்கயோ தேங்கி நிக்குது."

தம்பி சிரித்தான். "பெட்டிக்குக் கால் முளைச்சிருச்சா? கம்ப்யூட்டர்ல படம் போட்டா ஃபேக்டரி ஓடுமாம்மா? என் பட்டறைய வந்து பாரு, ஒரு மெஷின் நிக்கல. அண்ணன் மானத்தைக் காப்பாத்துறது நான் ஒருத்தன்தான்."

"கேட்டுக்கோ," என்றேன் மருமகளிடம், பெருமையாக.

அவள் குரலை உயர்த்தவில்லை. "ஃபவுண்டரியே நின்னு போச்சே சின்ன மாமா. உங்க மெஷின் எதை வச்சு ஓடுது?"

தம்பி தண்ணீர் டம்ளரை எடுத்தான், குடிக்கவில்லை. "சித்தப்பா..." என்று இழுத்தான் மகன். அதிகாரி எழுந்துவிட்டார். "வாங்க, போய்ப் பாத்துருவோம்."

தம்பியின் பட்டறைக்குப் பின்னால், பெயின்ட் அறையில், தார்ப்பாய்க்கு அடியில் நீலப் பெட்டிகள் கூரை வரை அடுக்கி வைக்கப்பட்டிருந்தன. ஒன்றுகூடக் காலி இல்லை.

"நாளைக்கு வராமப் போனா என்ன பண்றதுன்னு எடுத்து வச்சேண்ணே. என் பட்டறை நின்னா நீங்க என்ன பேச்சுப் பேசுவீங்கன்னு எனக்குத் தெரியாதா?"

வெளியாளான அதிகாரி பக்கத்தில் நின்று இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்தேன். மருமகளிடம் நான் ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். அவள் தள்ளுவண்டியை இழுத்து வந்து, "மாமா, அந்தப் பக்கம் ஒரு கை பிடிங்க," என்றாள். பிடித்தேன்.

இன்று மூன்று பட்டறைகளும் அவள் சொல்படிதான் ஓடுகின்றன. தம்பி சரக்கைத் திருடி விற்றதாகவும் நாங்கள் அவனைத் துரத்திவிட்டதாகவும் வெளியே பேசிக்கொள்கிறார்கள். அது பொய். அவன் அதே பட்டறையில்தான் இருக்கிறான். ஒரு வார்ப்பைக்கூட அவன் விற்கவில்லை. ஒளித்து வைத்தான், அவ்வளவுதான்.