பீரோவுக்குள் வளர்ந்த சாட்சி

கலியுக வரதராசப் பெருமாள் அறியச் சொல்கிறேன், இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. எல்லாம் என் இரண்டு கண்ணாலும் பார்த்தது. ஒரு சொல் பொய்யென்றாலும் என் கடைத் தேங்காய் அத்தனையும் அழுகிப் போகட்டும். கடையை மூடித்தான் ஆறு வருஷம் ஆகிறதே என்று சிலர் கேட்பார்கள். கேட்கட்டும். சத்தியம் சத்தியம்தான்.

எழுபத்தொன்பதாம் வருஷம், ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை. நானும் என் வீட்டுக்காரி அம்சவள்ளியும் பெரம்பலூரில் அரியலூர் பஸ் ஏறினோம். அங்கிருந்து கல்லங்குறிச்சி கோயிலுக்குப் போவதாக ஏற்பாடு. பிரைவேட் பஸ். கண்டக்டர் உத்திராபதி. முப்பது வயது இருக்கும். கிழவிகளின் கூடையைத் தானே இறக்கி வைப்பான், சில்லறை இல்லாதவனைத் திட்டமாட்டான். அப்படி ஒரு கண்டக்டர் இருந்ததையே நம்ப முடியாதவர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. மேலே வருவதெல்லாம் இதைவிடக் கடினம்.

அரியலூருக்கு நாலு மைல் இருக்கும்போது முன்னால் ஒரு லாரி போனது. சுண்ணாம்புக்கல் தூள் பாரம், மேலே தார்ப்பாய் இல்லை. ஆடிக்காற்று ஒரு சுழற்றுச் சுழற்றியது. லாரியில் இருந்ததில் பாதி பஸ்ஸுக்குள் வந்துவிட்டது. ஏறும்போது பல நிறமாக இருந்த ஜனங்கள் ஒரே நிமிஷத்தில் ஒரே நிறமானார்கள். சாதி சனம் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரும் கண்ணைக் கசக்கிக்கொண்டு கத்தினார்கள். முந்தானையால் முகத்தை மூடித் தூங்கிக்கொண்டு வந்த அம்சவள்ளி மட்டும், "ஊரு வந்துருச்சாங்க?" என்று கேட்டாள்.

அந்தத் தடத்தில் தூசிக்குப் பஞ்சமில்லை என்பதால் உத்திராபதி அன்று காலையில்தான் பஸ் ஸ்டாண்டுப் பெட்டிக்கடையில் 'குளிர்விழி' என்ற சொட்டு மருந்து இரண்டு பாட்டில் வாங்கித் தோல்பையில் போட்டிருந்தான். சீட்டும் வேண்டாம், டாக்டரும் வேண்டாம். பீடி வாங்குகிற மாதிரி வாங்கலாம். அதில் ஒன்றை உடைத்தான்.

"கண்ணு எரியுறவங்க மட்டும் தலையைச் சாய்ங்க."

கோயிலுக்குப் போகிற கூட்டம். தீர்த்தத்துக்குக் காத்திருப்பதைப் போல வரிசையாக அண்ணாந்தார்கள். பதினேழு பேர். கடைசி சீட்டில் இருந்த அம்மாக்கண்ணு கிழவி இரண்டு கண்ணிலும் வாங்கிக்கொண்டு வாயையும் திறந்தாள்.

"நாக்குலயும் ஒரு சொட்டு விடுய்யா."

"இது கண்ணு மருந்து ஆயா."

"பெருமாளு கோயிலுக்குப் போற வழியில எல்லாம் ஒண்ணுதான், விடு!"

அவன் விடவில்லை. அதற்குள் பாட்டில் தீர்ந்துவிட்டது. அவன் கண்ணுக்கு ஒரு சொட்டு மிச்சமில்லை. இரண்டாவது பாட்டிலை உடைக்க மனசில்லாமல் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் பதினேழு பேருக்கும் கண் வீங்கியது. வீக்கமென்றால் சாதாரண வீக்கமில்லை. இமைமேல் உட்கார்ந்த ஈ இறங்க வழி தெரியாமல் அங்கேயே குடும்பம் நடத்தியது. எல்லாரையும் திருச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே டாக்டர் பார்த்துவிட்டு, "மருந்துல ஏதோ கெட்டுப்போயிருக்கு. ஆனா யாருக்கும் கண்ணு போகாது, அழாதீங்க" என்றார். இதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், படிக்கிறவர்கள் வீணாகக் கவலைப்படக் கூடாது. பதினாறு பேருக்கு ஒரு மாதத்தில் கண் தெளிந்துவிட்டது. பதினேழாவது ஆளுக்கு மட்டும் கொஞ்சம் நாள் பிடித்தது. அந்த ஆளைப் பற்றி இப்போது என்ன அவசரம்?

அரியலூர் வக்கீல் சாமிதுரை பதினேழு பேருக்கும் சேர்த்து, மருந்துக் கம்பெனிமேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். கம்பெனிக்காரர்கள் பதில் அனுப்பினார்கள். எங்கள் மருந்து சுத்தமானது, அதை அழுக்குக் கையால் தொட்டுக் கெடுத்தவன் கண்டக்டர் உத்திராபதி, கேட்பதை அவனிடம் கேளுங்கள் என்று. அதைப் படித்த பஸ் முதலாளி, "மருந்துதான் கெட்டதுன்னு கோர்ட்டு சொல்லட்டும், அப்புறமா வண்டியேறு" என்று சொல்லி அவனை இறக்கி விட்டுவிட்டார்.

ஒரு நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றான். செருப்புச் சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உள்ள வாய்யா."

"வேணாங்கண்ணே. எதையாச்சும் தொட்டுருவேன்."

கார்பாலிக் சோப்பு வாசனை தெருவரைக்கும் அடித்தது. நாளைக்கு இருபது தடவை கை கழுவுகிறானாம். அவனுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, ஜெயலட்சுமி. வழக்கு வந்த நாளிலிருந்து அதைத் தூக்கவில்லையாம்.

"என் கையாலதான் வந்துச்சாண்ணே? வேலை போனாப் போவுது. ஆமான்னோ இல்லைன்னோ யாராச்சும் சொல்லிட்டாப் போதும். பதினேழு பேரு கண்ணு…"

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. கோர்ட்டுக்கு வா, நானும் வரேன். என் கண்ணாலயே பார்க்கணும்" என்றேன்.

அம்சவள்ளி அடுப்படியிலிருந்து சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று நான் கேட்கவில்லை.

முதல் வாய்தா புரட்டாசியில். அம்சவள்ளி என் கையைப் பிடித்து கோர்ட்டுப் படி ஏற்றினாள். கல்யாணமாகி இருபத்தெட்டு வருஷத்தில் ஊரறிய அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

கம்பெனிக்கு மெட்ராஸிலிருந்து ஒரு வக்கீல் வந்திருந்தார். அவருடைய ஷூ தரையில் நடந்தால் தரை மன்னிப்புக் கேட்டது. உத்திராபதியைக் கூண்டில் ஏற்றி, தேன் மாதிரி ஆரம்பித்தார்.

"டிக்கெட்டை எதால் கிழிப்பீர்?"

"கையாலதாங்க."

"விரலில் எச்சில் தொட்டா, தொடாமலா?"

சாமிதுரை வக்கீல் அவனுக்குக் குறிப்புக் காட்டுவதற்காக இருமினார். கக்குவான் இருமல்காரன்கூட அப்படி இருமமாட்டான். உத்திராபதி அந்தப் பக்கம் திரும்பாமல் மேடையிலிருந்த முன்சீப்பைப் பார்த்தே சொன்னான்.

"தொட்டுத்தாங்க. பதினோரு வருஷமா."

"அந்த விரலால்தானே பாட்டிலைத் திறந்தீர்?"

"ஆமாங்க."

மெட்ராஸ் வக்கீல் பந்தியில் சாப்பிட்டு முடித்தவரைப் போல உட்கார்ந்தார். பின்னாலிருந்து அம்மாக்கண்ணு கிழவி எழுந்தாள்.

"எச்சி தொடாம டிக்கெட்டு கிழிக்கிற கண்டக்டரு எந்தச் சீமையில இருக்கான்? இருந்தா கூட்டியாங்கய்யா, மாலை போட்டு நானே கட்டிக்கிறேன்!"

டவாலி அவளை உட்கார வைப்பதற்குள் முன்சீப்பே சிரிப்பை மறைக்கத் தலை குனிந்துகொண்டார்.

சாமிதுரை இரண்டாவது பாட்டிலை எடுத்து மேஜைமேல் வைத்தார். உத்திராபதியின் தோல்பையில் உடைக்காமல் கிடந்தது. "இதே கடை, இதே நாள், இதே சரக்கு. சீல் உடையலைங்க. இதைச் சோதனைக்கு அனுப்பணும்" என்றார்.

மெட்ராஸ் வக்கீல் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். "பாருங்கள், கனம் கோர்ட்டார் அவர்களே. பளிங்கு மாதிரி இருக்கிறது. இதில் என்ன சோதனை? சோதனைக்கு அனுப்புவது பற்றி எங்கள் பதிலைத் தாக்கல் செய்ய அவகாசம் வேண்டும்."

"தண்ணி மாதிரி தெளிவாத்தாங்க இருக்கு" என்று அம்சவள்ளி என் காதில் சொன்னாள். நானும் பார்த்தேன். தண்ணீர் மாதிரி தெளிவாகத்தான் இருந்தது. உத்திராபதி கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

மெட்ராஸ் வக்கீல் அத்தோடு விட்டாரா? இந்த ஜனங்கள் பாட்டிலில் எதையாவது கலந்துவிடுவார்கள் என்று சொல்லி, அதைத் துணியில் சுற்றி அரக்கு வைத்து, கோர்ட்டு பீரோவில் பூட்ட வேண்டும் என்று கேட்டு வாங்கினார். சான்றுப் பொருள் ஒன்று என்று சீட்டு ஒட்டிப் பூட்டினார்கள்.

அவருடைய கணக்கு எனக்குப் புரிந்தது. வாய்தாவாக வாங்கித் தள்ளினால் கூலிக்காரர்கள் எத்தனை நாள் வேலையை விட்டு வருவார்கள்? இரண்டு தடவை வருவார்கள், மூன்றாம் தடவை போங்கடா என்று விட்டுவிடுவார்கள். நல்ல கணக்குத்தான். ஆனால் அவர் வாய்தா கொடுத்தது எங்களுக்கு மட்டுமில்லை. பாட்டிலுக்குள் இருந்ததற்கும் சேர்த்துக் கொடுத்தார்.

இரண்டாம் வாய்தாவில் பீரோவைத் திறந்து, அரக்கைச் சரிபார்த்து, துணியைப் பிரித்தார்கள். அம்சவள்ளி என் தொடையில் கிள்ளினாள்.

"ஏங்க, உள்ள என்னமோ நூலு மாதிரி மிதக்குதுங்க. வெள்ளையா."

பார்த்தேன். நூல்தான். வெள்ளை. மெட்ராஸ் வக்கீல் அதைக் கண்ணாடியின் கீறல் என்றார், இன்னொரு வாய்தா கேட்டார். மறுபடி அரக்கு, மறுபடி பீரோ.

மூன்றாம் வாய்தாவில் நூல் பஞ்சாகியிருந்தது. நாலாம் வாய்தாவில், "பாசிங்க. குளத்துப் பாசி மாதிரி பச்சைப்பசேல்னு" என்றாள் அம்சவள்ளி. அந்தப் பச்சையை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. எங்கள் ஏரியில்கூட அந்தப் பச்சை கிடையாது. அதற்குள் பாட்டிலைப் பார்ப்பதற்கென்றே ஊர் ஜனம் வர ஆரம்பித்துவிட்டது. கோர்ட்டு வாசலில் ஒருத்தி வேர்க்கடலை விற்றாள். பதினேழு பேரில் ஒருவரும் ஒரு வாய்தாவைக்கூடத் தவறவிடவில்லை. கூலி போனாலும் பரவாயில்லை, உள்ளே இருப்பது இந்தத் தடவை என்ன ஆகியிருக்கிறது என்று தெரியாவிட்டால் யாருக்கும் தூக்கம் வராது போலிருந்தது.

உத்திராபதி மட்டும் ஒவ்வொரு தடவையும் பாட்டிலைப் பார்க்கமாட்டான். அரக்கைத்தான் பார்ப்பான். உடையவில்லையே, உடையவில்லையே என்று வாய்க்குள் முணுமுணுப்பான்.

ஐந்தாம் வாய்தா கார்த்திகையில், நல்ல மழை. பீரோவைத் திறக்கப்போன குமாஸ்தா சாவியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். உள்ளே ஏதோ பெருமூச்சு விடுகிறதாம். டவாலி போய் எடுத்துவந்தார். துணியைப் பிரித்தார்கள். பாசிக்கு நடுவில் குடை மாதிரி ஒரு காளான். காளானுக்குக் கீழே, மழைக்கு ஒதுங்கினதைப் போல, கடுகளவில் ஒரு தவளை.

தவளையை அம்சவள்ளி பார்க்கவில்லை என்கிறாள். அவள் பார்வை அவ்வளவுதான். நான் பார்த்தேன்.

முன்சீப் கேட்டார்: "இந்த மருந்து சுத்தமானது என்று இன்னும் சொல்கிறீர்களா?"

மெட்ராஸ் வக்கீல் வாயைத் திறந்தார். அவர் பேசுவதற்கு முன்னால் 'கிராக்' என்று பாட்டில் பதில் சொன்னது. வெளியே குட்டையில் கத்தியது என்று சாதிப்பவர்களும் ஊரில் உண்டு. அவர்களுக்குப் பெருமாள்தான் நல்ல புத்தி கொடுக்க வேண்டும்.

"அவகாசம்… இன்னொரு வாய்தா…" என்றார் வக்கீல்.

"இன்னொரு வாய்தா கொடுத்தால் இதற்கு ரேஷன் கார்டு கொடுக்க வேண்டியிருக்கும்" என்றார் முன்சீப். பிறகு பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு, உத்திராபதியைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"கம்பெனி போட்ட சீல் உடையவில்லை. கோர்ட்டு வைத்த அரக்கும் உடையவில்லை. இதற்குள் கண்டக்டரின் விரல் போகவில்லை. உள்ளே இருப்பது உள்ளேயே வந்தது. மருந்தோடு வந்தது. உன் கையால் வந்ததில்லை, அப்பா."

ஆஸ்பத்திரிச் செலவும் நஷ்டஈடும் கம்பெனி கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பானது. அதை எத்தனை பேர் காதில் வாங்கினார்களோ தெரியாது. எல்லாரும் உத்திராபதியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் கூண்டிலிருந்து இறங்கி, மழையோடு மழையாக வாசலில் போய் நின்றான். இரண்டு கையையும் மழையில் நீட்டிக்கொண்டு நின்றான். கழுவவில்லை, சும்மா நீட்டினான்.

அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் குழந்தையைக் கொண்டுவந்து நீட்டினாள். "இந்தாங்க, பிடிங்க. நாலு மாசமா என் இடுப்பு ஒடியுது."

அவன் வாங்கினான். குழந்தை அவன் விரலைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டது.

"சீ, எச்சி!" என்றாள் அம்மாக்கண்ணு கிழவி. மழையில் நின்ற அத்தனை பேரும் சிரித்தார்கள். உத்திராபதி சிரித்தானா அழுதானா என்றால், இரண்டையும் பார்த்தேன்.

மறு திங்கட்கிழமையே வண்டியேறிவிட்டான். சோப்பு டப்பாவில் ஈர ஸ்பாஞ்சு ஒன்று வைத்து, அதில் விரலைத் தொட்டுத்தான் டிக்கெட் கிழித்தான். மெட்ராஸ் வக்கீல் சொன்னதில் அது ஒன்று நியாயம் என்பான். பாட்டிலை இன்னும் அந்தப் பீரோவில்தான் வைத்திருப்பதாகவும், மழைக்காலத்தில் குமாஸ்தாக்கள் அந்த அறைக்குள் தனியாகப் போவதில்லை என்றும் கேள்வி. அதை நான் பார்க்கவில்லை. பார்க்காததைச் சொல்கிற பழக்கம் எனக்கில்லை.

பதினேழாவது ஆள் நான்தான். ஆடியில் என் இரண்டு கண்ணையும் மூடிப் போட்ட கட்டைத் திருச்சி ஆஸ்பத்திரியில் பிரித்தது மார்கழி மூன்றாம் தேதி.