இடது காது

எங்கள் குடும்பத்து ஆண்களுக்கு இடது காது தங்காது. அப்பாவுக்கு மரம் அறுக்கும் மில்லில் போனது. அண்ணனுக்கு அவன் வளர்த்த நாயே கடித்துவிட்டது. இரண்டு பேருமே அதற்கு முந்தைய வாரம் முழுக்க, "மேட்டுக் காட்டுலேருந்து யாரோ கூப்பிடுறாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். திங்கட்கிழமை காப்பி குடிக்கும்போது என் மகன் டார்சி அதையே சொன்னான். இது எங்கே ஆரம்பித்தது என்று தெரிந்தால் எப்படியாவது நிறுத்திவிடலாம் என்ற நப்பாசையில் பழைய ஆவணங்களைப் பார்க்க எங்கள் மாவட்டக் கோர்ட்டுக்குப் போனேன்.

ஆவண அறையில் வேலை பார்ப்பவள் நடீன். என்னோடு பள்ளியில் படித்தவள், வாய் சும்மா இருக்காது.

"காதைத் தேடி கோர்ட்டுக்கு வந்த மொத ஆளு நீதான்டி, வெர்னா."

"சிரிக்காத. எங்க வம்சத்துல இங்க மொதல்ல வந்து குடியேறின ஏப்னர் டாக்கெட்டப் பத்தி என்ன இருக்கோ எல்லாத்தையும் எடு."

கென்டக்கி மலையில் அந்தக் காலத்தில் பன்றிகளைக் காட்டில்தான் மேயவிடுவார்கள். எது யாருடையது என்று தெரிவதற்காக ஆளுக்கொரு விதமாகக் காதை வெட்டி, அந்த அடையாளத்தைக் கோர்ட்டில் பதிந்து வைப்பார்கள். அடுத்தவன் பன்றியைத் திருடினால் திருடனின் காதை அறுப்பார்கள். அதனால் சண்டையில் காது போன யோக்கியன்கூடக் கோர்ட்டுக்கு ஓடி, இது அறுத்த காது இல்லை, கடிபட்ட காது என்று எழுதி வைத்துக்கொள்வான்.

ஏப்னரும் அப்படித்தான் வந்திருந்தார். 1799 ஏப்ரலில். நடீன் விரலை வைத்து வாசித்தாள்: "'என் இடது காதை ஜோசையா ப்ரூயிட் கடித்துத் துப்பிவிட்டான். இதைப் பதிய வேண்டுகிறேன்.'"

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அவ்வளவுதானா? வெறும் அடிதடியா?"

நடீன் முன் பக்கங்களைப் புரட்டினாள். "இந்த ப்ரூயிட் ஜனவரியிலயே செத்துட்டானே."

ஏப்னரின் பன்றிகளைத் திருடியதாக அந்த ஜனவரியில் ப்ரூயிட்டின் இடது காதை அறுத்திருக்கிறார்கள். சாட்சி ஏப்னர் ஒருவர்தான். பன்றிகள் தன்னுடையவை, ஏப்னர்தான் அடையாளத்தை மாற்றி வெட்டினான் என்று ப்ரூயிட் கத்தியதையும் எழுதியிருந்தார்கள். புண் புரையோடி அந்த மாதமே செத்திருக்கிறான்.

"செத்தவன் எப்படிடி கடிப்பான்?" என்றாள் நடீன்.

"ஏப்னர் புளுகியிருப்பாரு."

"அப்ப இதுக்கு என்ன சொல்ற?"

அடையாளங்களைப் பதியும் புத்தகத்தை என் பக்கம் தள்ளினாள். ஏப்னர் கோர்ட்டுக்கு வந்த அதே நாளில், ஜோசையா ப்ரூயிட் பெயரில் புதிதாக ஓர் அடையாளம் பதிவாகியிருந்தது: 'இடது காது, அடியோடு வெட்டியது.'

"பொணத்துக்கு எதுக்குடி பன்னி?" நடீன் சிரிக்கப் பார்த்தாள், சிரிப்பு வரவில்லை.

எனக்குப் புரிந்துவிட்டது. அவன் பதிந்தது பன்றிகளை அல்ல. எங்களை.

"இத ரத்து பண்ண முடியுமா?"

"பதிஞ்சவன் வந்து சொன்னாத்தான் அடிச்சு நீக்கலாம்."

ஏப்னர் மட்டும் அப்போது கையில் கிடைத்திருந்தால் மிச்சமிருந்த காதையும் நானே பிய்த்திருப்பேன். அவ்வளவு ஆத்திரம். நேரே வீட்டுக்கு வந்தேன்.

டார்சி இரண்டு காதோடும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். கதவைத் தாழிட்டேன். சோள ரொட்டியும் பீன்ஸும் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"இன்னிக்கு வெளிய எங்கயும் போகாதடா."

"எங்கம்மா போகப்போறேன்? பசிக்குது." நாலு வாய் சாப்பிட்டிருப்பான். ஸ்பூன் பாதியில் நின்றது. "கேக்குதா?"

"ஒண்ணும் கேக்கல. சாப்பிடு."

பொய் சொன்னேன். முதல் தடவையாக எனக்கும் கேட்டது. மேட்டுக் காட்டிலிருந்து, பொறுமையாக, நீட்டி இழுத்த ஓர் ஆண் குரல். அதில் யார் பெயரும் இல்லை. தீனியைக் கொட்டிவிட்டுப் பன்றிகளைக் கூப்பிடுகிற குரல்.

டார்சி எழுந்தான். அவன் கையைப் பிடித்து உட்காரவைக்க நினைத்தேன். ஆனால் நான் நாற்காலியில் இல்லை. கதவருகே நின்றுகொண்டிருந்தேன், தாழ்ப்பாளை ஏற்கெனவே திறந்திருந்தேன்.