பிரிவுக்கு ஓர் உவமை

ஜெரூஷா பம்மலில் ஒரு பள்ளியில் ஆங்கில ஆசிரியை. கணவன் ஜேசன் சரக்குக் கப்பலில் என்ஜினியர். கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் இருவரும் ஒரே வீட்டில் இருந்த நாட்களைக் கூட்டினால் நாலு வருடம்கூடத் தேறாது.

நாற்பதை நெருங்கும்போது அவள் அஞ்சல் வழியில் எம்.ஏ. சேர்ந்தாள். அதில் ஒரு கட்டுரை எழுத வேண்டியிருந்தது: பதினேழாம் நூற்றாண்டு ஆங்கிலத்தின் 'மெட்டாஃபிசிக்கல்' கவிஞர்கள், பிரிவைத் தாங்கி நிற்கும் காதலை எந்த உவமைகளால் சொல்கிறார்கள்? படிக்கப் படிக்க அவளுக்கு ஆச்சரியம். பூவும் நிலாவும் அங்கே குறைவு. வரைபடம், கோள்களின் ஓட்டம், கருவிகள் என்று எங்கெங்கோ போய், தூரம் என்ற ஒன்றே இல்லை என்று வாதாடி நிரூபித்துவிடுகிறார்கள்.

ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்து வந்ததும் ஜேசன் வீடியோ காலில் வந்தான். கப்பல் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் நின்றிருந்தது.

கட்டுரையைப் பற்றிச் சொல்லிவிட்டு, "நீங்க ஒரு உவமை சொல்லுங்க பாப்போம்" என்றாள்.

"கப்பல்ல ரெண்டு ஜெனரேட்டர் ஒண்ணா ஓடும், ஜெரூ. ஒண்ணு நின்னுட்டா மொத்த லோடையும் இன்னொண்ணு எடுத்துக்கும். மேல ஒரு லைட்கூட அணையாது. லவ்வும் அப்படித்தான்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

"அந்த இன்னொண்ணு நான்தானே?"

அவன் போனை முகத்தருகே கொண்டுவந்தான்.

"எங்க அப்பா இறந்த அன்னைக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினீங்க. 'மனசு உன்கூடத்தான் இருக்கு'ன்னு. அதைக் கேட்டுட்டு போனை ஆஃப் பண்ணி வச்சிட்டேன்."

மூன்று வருடத்துக்கு முன் நடந்தது அது. ஜேசன் அப்போது நடுக்கடலில் இருந்தான். இறங்கி வர வழியே இல்லை. அது தெரிந்ததால்தான் அவள் இதுவரை வாய் திறக்கவில்லை.

"அன்னைக்கு என்ன நடந்துச்சு? முழுசா சொல்லு" என்றான்.

சொன்னாள். ஆஸ்பத்திரியில் ஆறு இடத்தில் கையெழுத்துப் போட்டதை. இறந்த அப்பாவுக்குக் கோட்டு மாட்டித் தானே பித்தான் போட்டதை. "சவப்பெட்டிக்கு அப்பா உயரம் கேட்டாங்க. எனக்குத் தெரியலை. என் துப்பட்டாவால அளந்தேன்."

கப்பலில் யாரோ ஜேசனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள். அவன் திரும்பவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்புறம்?" என்றான்.

அந்த வாரம் அவள் கட்டுரையை முடித்தாள். 'இந்த உவமைகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் புறப்பட்டுப் போகிறவர்கள். வீட்டில் நிற்பவளிடம் யாரும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் காதலைப் பொய் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.' திருத்தியவர், மேற்கோள் போதாது என்று சிவப்பு மையில் குறித்து, சுமாரான மதிப்பெண் போட்டிருந்தார். அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஜூலையில் ஜேசன் ஊர் வந்தான். மறுநாள் காலை இருவரும் அவளுடைய அப்பாவை அடக்கம் செய்த தாம்பரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனார்கள். முந்தைய விடுமுறைகளில் பூ வைத்து ஜெபித்துப் பத்து நிமிடத்தில் திரும்பியிருக்கிறார்கள். இந்த முறை அவன் கேட்டான்:

"அன்னைக்கு நீ எங்க நின்ன?"

சுவரோரம் ஓர் இடத்தைக் காட்டினாள்.

"பக்கத்துல யாரு?"

"யாரும் இல்லை. பாஸ்டர் எதிர்ப்பக்கம் நின்னாரு."

அவன் போய் அங்கே நின்றான். ஜெரூஷா அவன் அருகில் போய் நின்றுகொண்டாள்.