பாய்க்கு அடியில் சென்சார் இல்லை

1

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, பெனாயா அலுவலகத்தில் இல்லை என்று சுவர்த்திரை சொன்னது. அவர் அந்தத் திரைக்கு நேர் கீழே பாயில் உட்கார்ந்திருந்தார்.

கதை அங்கே பிறந்தது. நான் பக்கத்து மேசைக்காரன். அப்போது குறுக்கெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். திரையில் என் மேசைக்கான கட்டம் பச்சையாக இருந்தது.

கோபத்தில் எழுதக் கூடாது என்பார்கள். ஆறிய பிறகு எழுதினால் இது அறிக்கையாகிவிடும். அறிக்கைகள் அங்கே நிறைய இருக்கின்றன.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: 'சுவாவில் மழை ஓய்ந்த ஒரு காலையில், காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாம் மாடியில்…' அடித்துவிட்டேன். எங்கள் தீவு நாட்டின் தலைநகரான சுவாவில் மழை எங்கே ஓய்கிறது?

அடுத்தது: 'தரவு என்பது நம் காலத்தின்' (முடிக்கவில்லை. முடித்திருந்தால் எனக்கே பிடித்திருக்காது.)

நடந்ததைச் சொல்கிறேன். ஒவ்வொரு மேசைக்கு அடியிலும் ஒரு சின்னப் பெட்டியை ஒட்டினார்கள். உடம்புச் சூடு பட்டால் திரையில் அந்த மேசை பச்சை. இல்லாவிட்டால் சாம்பல். எங்கள் அலுவலக வாழ்க்கை இதனால் இதமாகும் என்றார்கள். ஏசி உண்மையிலேயே சரியானது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

பெனாயாவின் மேசை மட்டும் பெரும்பாலும் சாம்பல்.

3

புயலில் கூரை போனவர்கள் தீவுகளிலிருந்து கப்பலேறி வருவார்கள். கையில், மரியாதைக்குக் கரைத்துக் குடிக்கிற கவா வேர்க்கட்டு இருக்கும். மேசைக்கு எதிரே நாற்காலியில் உட்காரவைத்தால் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பார்கள், கையெழுத்துப் போடுவார்கள், போய்விடுவார்கள். பாயில் உட்கார்ந்து, வேரை முறையாக வாங்கி, கைதட்டி, கரைத்து, ஆளுக்கொரு சிரட்டை குடித்த பிறகுதான் கூரையோடு சமையலறையும் போனது, படகும் போனது என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். அதைக் கேட்டு எழுதுவதுதான் பெனாயாவின் வேலை. அவர் கேட்காவிட்டால் அந்தப் படகுக்கு இழப்பீடு இல்லை.

(கவா குடித்து நாக்கு மரத்துப்போவதைப் பற்றி இங்கே ஒரு நகைச்சுவை இருந்தது. நீக்கிவிட்டேன். சுற்றுலா வருகிறவர்கள் எழுதட்டும்.)

4

மேலாளரை முதலில் தலைமை அலுவலகம் இருக்கிற சிட்னிக்காரனாக எழுதினேன். வெறுக்கச் சுலபமாக இருந்தான். ஆனால் பொய். ஆஷ்னீல் இங்கேயே, லௌடோகாவில் பிறந்தவன். பாயின் முறை அவனுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். என் கோபமே அதனால்தான்.

புதன்கிழமை அவன் பெனாயாவின் மேசைக்கு வந்தான்.

"பெனாயாண்ணே, உங்க மேசைய எடுக்கறாங்க. திங்கக்கிழமைலேர்ந்து நீங்க நாந்தி ஆபீஸ்ல, போன் பிரிவு."

"எதுக்கு சார்?"

"உங்க சீட்டுல ஆளே இல்லன்னு வருது."

"பாய்ல இருந்தேன். போன வாரம் நீங்களே வந்து ஒரு சிரட்டை குடிச்சீங்களே?"

"எனக்குத் தெரியும்ணே. சிட்னில இருக்கறவனுக்கு எப்படித் தெரியும்? அவன் திரையத்தானே பாக்கறான்."

"நீங்க சொல்லலாமே."

"டேட்டாவை எதிர்த்து வாயால என்னண்ணே சொல்றது?"

பெனாயா படிவத்தின் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். (இங்கே அவர் கண் கலங்கியதாக ஒரு வரி இருந்தது. கலங்கவில்லை. நான்தான் சேர்த்தேன்.)

5

கதைக்கு முடிவு ஒன்று. எங்கள் வரவேற்பு மேசைப் பெண் சலோத்தே சொன்ன யோசனை: "சுடுதண்ணிப் பையை நாற்காலியில வச்சுட்டுப் பாய்க்குப் போண்ணே. நாள் பூரா பச்சையா இருப்ப. பிரமோஷனே வரும்!" எல்லாரும் சிரித்தோம். எழுதியும் பார்த்தேன். பை ஜெயித்தது. கிழித்துப் போட்டேன். வேலை செய்கிற மனிதன், வேலை செய்வதாக எதற்கு ஏமாற்ற வேண்டும்?

முடிவு இரண்டு. பாய்க்கு அடியிலும் ஒரு சென்சார். நல்ல முடிவு போலத் தெரிகிறது. அடுத்த மாதமே ஒரு குடும்பத்துக்கு இத்தனை நிமிடம் எதற்கு என்று யாராவது கேட்பார்கள். அதற்கடுத்த மாதம் கவாவை…

வேண்டாம்.

6

எனவே வெள்ளிக்கிழமைக்கே வருகிறேன். பாயில் கோரோ தீவிலிருந்து வந்த இலைசாவும் அவர் மனைவி வனியாவும். பேச்சு கூரையைத் தாண்டி அப்போதுதான் படகுக்கு வந்திருந்தது. ஆஷ்னீல் வந்து பாயின் விளிம்பில் நின்றான். உட்கார்ந்திருப்பவர்களுக்கு முன்னால், காலணியோடு.

"அண்ணே, மேசைய மதியத்துக்குள்ள காலி பண்ணிடுங்க."

வனியா நிமிர்ந்து பார்த்தாள். "இவரு போயிட்டா நாங்க யாருகிட்ட சொல்றது தம்பி?"

"போன்ல சொல்லலாம்மா. நம்பர் தர்றேன்."

"டவரே படுத்துக் கிடக்கு எங்க ஊர்ல. நம்பர வாங்கி நெத்தியில ஒட்டிக்கவா?"

இலைசா சிரித்தார். ஆஷ்னீல் அவளைப் பார்க்கவில்லை. திரையைப் பார்த்தான்.

'உட்கார்ந்தான்' என்று எழுத ஒரு சொல் போதும். எழுத மாட்டேன். அவனை நான் உட்காரவைத்தால் நீங்கள் நிம்மதியாக அடுத்த பக்கம் போய்விடுவீர்கள். திருப்பி அனுப்பினால் அவனைத் திட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். அவனை அங்கேயே நிற்கவைத்து உங்களிடம் தருகிறேன்.

பெனாயா நகர்ந்து இடம் விட்டார். சிரட்டையை நிரப்பி இரண்டு கையாலும் நீட்டினார்.

"குடிங்க சார். குடிச்சுட்டுச் சொல்லுங்க, இப்ப இங்க எத்தனை பேரு இருக்கோம்?"